படையா, தேமலா, வேறொன்றா?
தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

மாரி மழை தொடங்கிவிட்டால் எமது நிலையத்துக்கு வரும் மக்களிற் பலர் முதலில் கேட்பது விதைநெல்லையோ கூரைத் தகரத்தையோ அல்ல. "சுவாமி, கடிக்குப் பூச ஏதும் மருந்து இருக்கோ?" என்றுதான் கேட்கிறார்கள். ஈரத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கும், நாள் முழுவதும் சேற்றில் நிற்பவர்களுக்கும், மாற்றுடுப்பு இல்லாமல் நனைந்த சாரத்தை உடலிலேயே காயவிடுபவர்களுக்கும் தோல் நோய் வருவது புதுமையல்ல. இடம்பெயர்ந்த வாழ்வில் அது இன்னும் கூடுகிறது. ஒரே கிணறு, ஒரே துவாய், ஒரே சீப்பு, ஒரே பாய் என்று வாழவேண்டிய நிலை வரும்போது, ஒருவரின் படை ஒரு மாதத்தில் ஒரு குடும்பத்தின் படையாகிவிடுகிறது.

இந்த இதழில் அந்த நோய்களைக் கண்டறியும் ஆய்வுகூடப் பரிசோதனையைப் பற்றி எழுதுகிறோம். மருந்தைப் பற்றி எழுதாமல் பரிசோதனையைப் பற்றி எழுதுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் நாமே செய்த ஒரு தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரே ரியூப், மூன்று நோய்

பல ஆண்டுகளுக்கு முன், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு நலன்புரி நிலையத்தில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். நலன்விரும்பி ஒருவர் அனுப்பிய பெட்டியொன்றில் தோலுக்குப் பூசும் ரியூப்புகள் வந்திருந்தன. மேலே எழுதியிருந்ததை வாசித்தோம். 'தோல் அழற்சிக்கு' என்ற அளவில் விளங்கிக்கொண்டோம். கடி என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தோம். நான்கு நாட்களில் கடி நின்றுவிட்டது என்று பலர் வந்து நன்றி சொன்னார்கள். எமக்கும் மகிழ்ச்சியே.

ஆறு வாரங்களின் பின் ஒரு முதிய விவசாயி வந்தார். "சுவாமி, நீங்கள் தந்த ரியூப் பூசின நாலு நாளிலை கடி நிண்டுது. விட்ட உடனை திரும்பவும் வந்திட்டுது. இப்ப இடுப்பு முழுக்க ஏறியிட்டுது. பேரனுக்கும் கடிக்குது" என்றார். அதே வரிசைக் கொட்டிலில் இருந்த ஒரு தாயாரும் வந்தார். அவருடைய முழங்கைக்கு மேல் வெளிறிய தேமல் ஒன்று. கடி இல்லை, நோ இல்லை. ரியூப்பைப் பூசியும் மாறவில்லை என்பதே அவரது முறைப்பாடு.

அந்த மாதம் வந்த வைத்தியரிடம் மூவரையும் காட்டினோம். அவர் முதலில் ரியூப்பை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தது பெற்றாமெதசோன் என்னும் ஸ்ரெரொயிட் மருந்து. அது சிவப்பையும் கடியையும் அடக்குமே தவிரப் பங்கசைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பங்கசு தடையின்றிப் பரவ அது வழிசெய்யும் என்று விளக்கினார். பின்பு முதியவரின் படையின் விளிம்பைச் சுரண்டி எடுத்தார். பேரனின் விரலிடுக்கில் இருந்த சிறிய கோடொன்றைச் சுரண்டி எடுத்தார். தாயாரின் தேமலைப் பஞ்சுநுனியால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

முதியவருக்கு இருந்தது பங்கசுப் படை. பேரனுக்கு இருந்தது சிரங்கு. அது தோலுக்குள் துளையிட்டு வாழும் மிகச் சிறிய உண்ணியால் வருவது. தாயாருக்கு இருந்தது தொழுநோய். மூவருக்கும் நாம் ஒரே ரியூப்பைக் கொடுத்திருந்தோம்.

மூவரும் உரிய சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார்கள். ஆனால் அந்தத் தாயாரின் இடது கைச் சின்னவிரலில் ஏற்பட்ட மரப்பு முழுமையாக மாறவில்லை. நாம் வீணாக்கிய வாரங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்த விரலை நாம் மறக்கவில்லை. அன்று முதல், என்னவென்று தெரியாத தோல் நோய்க்கு எமது கையால் ரியூப் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

கண்ணால் பார்த்தாற் போதாதா?

வயலில் நெல்லுப் பயிர் மஞ்சளடித்தால் எல்லோரும் யூரியா போட ஓடுவதில்லை. பசளைக் குறைவாகவும் இருக்கலாம், நீர் தேங்கியதாலும் இருக்கலாம், பூச்சியாகவும் இருக்கலாம். அனுபவமுள்ள விவசாயி ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். சந்தேகமென்றால் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். தோலும் அப்படியே. வெளியில் ஒரேமாதிரித் தெரிவன உள்ளே வெவ்வேறாக இருக்கும்.

வட்டமாக, விளிம்பு தடித்து, நடுப்பகுதி ஆறினாற்போல் இருப்பது பெரும்பாலும் பங்கசுப் படைதான். ஆனால் கரப்பானும் சிலவேளை வட்டமாக வரும். கால்விரல் இடுக்கில் வெளுத்து அவிந்து நாறும் சேற்றுப்புண் பங்கசாலும் வரும், பற்றீரியாவாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். தொடையிடுக்கிலும் கக்கத்திலும் வரும் கபிலநிறப் படையொன்று பார்வைக்குப் பங்கசுப் படை போலவே இருக்கும், ஆனால் அதற்குக் காரணம் ஒரு பற்றீரியா. வெளிறிய தேமல் சாதாரண அழுக்குத் தேமலாக இருக்கலாம், வெண்தோலின் தொடக்கமாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். ஆறாத, நோவில்லாத புண் ஒன்று மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியாசிசு நோயாகவும் இருக்கலாம். அந்நோய் எமது நாட்டிலேயே தொற்றுவதாக 1992 இல் முதன்முதலில் பதிவாயிற்று. இன்று பல மாவட்டங்களில் காணப்படுகிறது.

இவற்றுள் பலவற்றை அனுபவமுள்ள வைத்தியர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஆனால் ஏற்கெனவே ஸ்ரெரொயிட் பூசிய தோலில் படையின் வட்டமும் விளிம்பும் அழிந்துபோயிருக்கும். வேடம் மாறிய படையை வைத்தியராலும் கண்ணால் அடையாளங் காண்பது கடினம். அந்த இடத்தில்தான் ஆய்வுகூடம் கைகொடுக்கிறது.

பங்கசு என்பது என்ன?

நனைந்த விறகில் முளைக்கும் காளானும், பழைய பாணில் பூக்கும் பூஞ்சணமும், தோலில் வரும் படையும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. தோலின் மேற்படை, முடி, நகம் ஆகியவற்றில் கெரற்றின் என்னும் புரதம் உண்டு. படையை உண்டாக்கும் பங்கசுகள் இந்தக் கெரற்றினைத் தின்று வாழ்பவை. அவை மெல்லிய இழைகளாகக் கிளைவிட்டுத் தோலின் மேற்படையில் வளர்கின்றன. இரத்தத்துக்குள் அவை பொதுவாகப் போவதில்லை. 'இரத்தம் கெட்டுப்போனதால் படை வந்தது' என்று சொல்வதும், அதற்காகப் பேதி குடிப்பதும் பயனற்றவை.

நோய்க்குக் காரணம் நுண்ணுயிர் என்பதை உலகம் நம்பத் தொடங்குமுன்பே, 1841 இல் பாரிஸ் நகரில் டேவிட் குரூபி என்ற வைத்தியர் சிறுவர்களின் தலைப்படையில் பங்கசு இருப்பதை நுணுக்குக்காட்டியாற் கண்டு அறிவித்தார். அதே நகரில் பின்வந்த ரேமன் சபூரோ என்ற தோல் வைத்தியர் இந்தப் பங்கசுகளை வளர்த்தெடுக்கும் ஊடகமொன்றை உருவாக்கி, அவற்றை இனவாரியாகப் பிரித்து 1910 இல் பெருநூலொன்றை வெளியிட்டார். இன்றும் ஆய்வுகூடங்களில் பங்கசு வளர்க்கும் ஊடகம் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

மாதிரி எடுக்கும் முறை

பரிசோதனை என்றதும் சிலர் ஊசியையும் கத்தியையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். இதில் இரத்தம் எடுப்பதில்லை. மருந்தூசி போடுவதில்லை. செய்வது இவ்வளவே:

முதலில் படையுள்ள இடத்தை மதுசாரத்தால் துடைப்பார்கள். பூசிய எண்ணெய், களிம்பு, அழுக்கு ஆகியவை நீங்குவதற்காகவே இது. பின்பு மழுங்கலான சிறு அலகாலோ கண்ணாடித் தகட்டின் ஓரத்தாலோ படையின் விளிம்பை மெல்லச் சுரண்டுவார்கள். உதிரும் செதில்களை ஒரு கடதாசியில் சேர்ப்பார்கள். கறுப்புக் கடதாசியென்றால் செதில் நன்றாகத் தெரியும்.

நடுவிற் சுரண்டாமல் விளிம்பிற் சுரண்டுவது ஏன்? புல்லுக்குத் தீ வைத்தால் நடுவில் சாம்பல்தான் மிஞ்சும், நெருப்பு ஓரத்தில் எரிந்துகொண்டு போகும். படையும் அப்படியே ஓரத்தில் உயிரோடு முன்னேறுகிறது. மாதிரியை ஓரத்திலிருந்து எடுக்காவிட்டால் நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

தலைப்படையென்றால் முடியைக் கத்தரிப்பதில்லை. முறிந்த முடிக்கட்டைகளைச் சாவணத்தால் வேருடன் பிடுங்கி எடுப்பார்கள். நகமென்றால் நுனியை மட்டும் வெட்டாமல், கெட்டுப்போன பகுதியை இயன்றவரை பின்னோக்கி வெட்டி, அடியிலிருக்கும் பொடியையும் சுரண்டி எடுப்பார்கள்.

எமது பிரதேசங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இந்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பத் தேவையில்லை. மடித்த கடதாசிக்குள் உலர்வாக வைத்தாற் போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது. உலர்ந்த செதிலில் பங்கசு பல வாரங்கள் உயிரோடிருக்கும். எனவே தூரத்து வைத்தியசாலையில் எடுத்த மாதிரியும் நகரத்து ஆய்வுகூடம் வரை கெடாமற் போய்ச் சேரும்.

முதற் பரிசோதனை: நுணுக்குக்காட்டி

செதில்களை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன்மேல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை ஒரு துளி விடுவார்கள். நூற்றுக்கு 10 முதல் 20 வரையான செறிவுள்ள காரக் கரைசல் அது. மெல்லச் சூடாக்கிச் சில நிமிடம் வைத்தால் தோலின் கெரற்றின் கரைந்து தெளிவாகிவிடும். ஆனால் பங்கசு இழையின் சுவர் இந்தக் காரத்திற் கரையாது. கலங்கிய குளத்துநீர் தெளிந்தபின் அடியிற் கிடக்கும் வேர் தெரிவதுபோல், பங்கசின் கிளைவிட்ட இழைகள் நுணுக்குக்காட்டியிற் தெரியும். நகத்துக்கு மட்டும் இன்னும் கூடிய நேரம் வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கு வேண்டியவை ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு போத்தல் கரைசல், பழகிய கண் ஆகியன மட்டுமே. செலவு மிகக் குறைவு. பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும்.

இதற்கு இரு குறைகள் உண்டு. பங்கசு உண்டா இல்லையா என்று மட்டுமே இது சொல்லும், எந்த இனப் பங்கசு என்று சொல்லாது. அத்துடன் மாதிரி போதாவிட்டாலோ, அண்மையிற் பங்கசு மருந்து பூசியிருந்தாலோ, இழை கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆகவே 'இல்லை' என்ற ஒரு முடிவை வைத்து நோயே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வைத்தியர் மீண்டும் ஒருமுறை சுரண்டச் சொன்னால் சலிப்படையாதீர்கள்.

அழுக்குத் தேமலுக்கு இந்த முதற் பரிசோதனையே போதும். அதன் பங்கசு குறுகிய இழைகளும் உருண்டைகளும் கலந்ததாகத் தனித்துவமான தோற்றம் காட்டும்.

இரண்டாம் பரிசோதனை: வளர்த்துப் பார்த்தல்

விதைநெல்லின் தரத்தை அறிய நாம் என்ன செய்கிறோம்? நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறதென்று பார்க்கிறோம். வளர்ப்புப் பரிசோதனையும் ஏறக்குறைய அதுவே. சுரண்டிய செதில்களைச் சபூரோ ஊடகத்தின் மேல் தூவி வைப்பார்கள். குளுக்கோசும் பெப்ரோனும் சேர்ந்த கட்டியான உணவு அது. வேறு கிருமிகள் முந்திக்கொண்டு வளராதபடி அதில் சில தடை மருந்துகளையும் சேர்ப்பார்கள். 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பத்தில் வைத்துக் காத்திருப்பார்கள்.

பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வளர்ச்சி தெரியும். ஆனால் 'வளரவில்லை' என்று சொல்வதற்கு முன் நான்கு வாரம் வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். 'என்ரை துண்டைத் தொலைச்சுப் போட்டாங்கள்' என்று சிலர் கோபிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். துண்டு தொலையவில்லை. பங்கசு மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான்.

வளர்ந்தபின் அதன் நிறம், பூப்பு, அடிப்புறச் சாயம், வித்திகளின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு இனத்தைப் பிரித்தறிவார்கள். இனம் தெரிவதால் எமக்கு இரு பயன்கள் உண்டு.

முதலாவது, நோய் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். சில இனங்கள் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுபவை. மைக்கிரோஸ்போரம் கேனிசு என்பது பெரும்பாலும் பூனை, நாயிடமிருந்து வரும். திரைக்கோபைற்றன் வெருக்கோசம் என்பது மாட்டிடமிருந்து, குறிப்பாகக் கன்றுகளிடமிருந்து வரும். சில மண்ணிலிருந்து வருபவை. கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல்நிறப் பொருக்கு இருந்து, அதைப் பராமரிக்கும் பிள்ளையின் கையிற் படை வந்தால், பிள்ளைக்கு மட்டும் மருந்திடுவது பாதி வேலைதான். மாட்டிலிருந்து வரும் இந்த இனம் மிக மெதுவாக வளர்வது, மற்றவற்றைவிடச் சற்றுக் கூடிய வெப்பத்தில் நன்றாக வளர்வது. ஆகையால் வீட்டில் மாடு, ஆடு, நாய், பூனை உண்டென்றால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது துண்டில் எழுதப்பட்டால்தான் ஆய்வுகூடம் அதற்கேற்றபடி வளர்க்கும்.

இரண்டாவது, எந்த மருந்து வேலை செய்யும் என்று தீர்மானிக்க உதவும். இது இன்று முன்னரைவிட முக்கியமாகிவிட்டது. கடந்த சில ஆண்டுகளாகத் தெற்காசியாவில் பிடிவாதமான படையொன்று பரவிவருகிறது. அதை உண்டாக்கும் பங்கசை 2020 இல் யப்பானிய ஆய்வாளர்கள் திரைக்கோபைற்றன் இந்தோற்றினியே என்று தனி இனமாகப் பெயரிட்டார்கள். ரேர்பினபின் என்பது படைக்கு வழமையாகக் கொடுக்கும் நல்ல குளிசை. இந்த இனத்தின் பல வகைகள் அதற்கு அடங்குவதில்லை. ஸ்ரெரொயிட் கலந்த கூட்டுக் களிம்புகளை வைத்தியரைக் கேளாமல் வாங்கிப் பூசும் பழக்கம் இந்தப் பரவலுக்கு ஒரு முக்கிய காரணமென்று தோல் வைத்தியர்கள் கருதுகிறார்கள். எமது ஒரு பெட்டி ரியூப்பில் நடந்தது எத்தனையோ கடைகளில் நாள்தோறும் நடக்கிறது.

வேறு சில பரிசோதனைகள்

இருட்டறையில் ஊதாக்கடந்த ஒளியைத் தோலில் பாய்ச்சிப் பார்ப்பதும் உண்டு. இதற்கு வூட் விளக்கு என்று பெயர். பூனையிடமிருந்து வந்த தலைப்படை அந்த ஒளியிற் பச்சையாக ஒளிரும். முன்பு சொன்ன பற்றீரியாப் படை பவளச் சிவப்பாகத் தெரியும். ஆனால் பல பங்கசுகள் ஒளிர்வதேயில்லை. ஆகவே ஒளிராதது பங்கசு அல்ல என்று கொள்ள முடியாது.

சிரங்கென்று சந்தேகித்தால் செதிலை எண்ணெய்த் துளியில் வைத்து உண்ணியையும் முட்டையையும் தேடுவார்கள். தொழுநோயென்று சந்தேகித்தால் உணர்ச்சியைச் சோதித்து, தேவையானால் காதுமடல் போன்ற இடங்களில் சிறு கீறலிட்டுச் சாறு எடுத்துப் பார்ப்பார்கள். இவையும் சிறிய பரிசோதனைகளே.

எல்லோருக்கும் பரிசோதனை வேண்டுமா?

வேண்டாம். கையில் தெளிவான ஒரு சிறு படை என்றால் வைத்தியர் பார்த்த மாத்திரத்தில் குளொட்றிமசோல் போன்ற பூச்சு மருந்தைத் தருவார். அது சரியானதே. ஆனால் பின்வரும் நிலைகளில் பரிசோதனை செய்ய முடியுமா என்று நீங்களே வைத்தியரிடம் கேளுங்கள்:

1. மருந்தை ஒழுங்காகப் பூசியும் நான்கு வாரத்தில் மாறாத படை, அல்லது மாறி மாறித் திரும்ப வரும் படை.
2. பிள்ளைகளின் தலையில் முடி கொட்டிச் செதில் எழும் இடங்கள். தலைப்படைக்குக் களிம்பு மட்டும் போதாது. பல வாரங்களுக்குக் குளிசை வேண்டும்.
3. நகம் தடித்து நிறம் மாறுதல். இப்படிக் கெடும் நகங்களில் ஏறத்தாழப் பாதியே பங்கசால் வருவன. நகத்துக்கு மாதக்கணக்கில் குளிசை விழுங்க வேண்டும். சிலருக்கு அது ஈரலைப் பாதிக்கலாம். பங்கசு இல்லாத நகத்துக்கு ஏன் அதை விழுங்க வேண்டும்?
4. உடலில் பல இடங்களிற் பரவிய படை, அல்லது ஏற்கெனவே ஸ்ரெரொயிட் பூசிய படை.
5. நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நீண்டகால மருந்து எடுப்பவர்கள்.

இவற்றைவிட ஒன்று எல்லாவற்றுக்கும் மேலானது. வெளிறிய அல்லது செந்நிறத் தேமலில் தொடுகை, சூடு, நோவு தெரியாவிட்டால் ஒரு நாளும் பிந்தாதீர்கள். எமது நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகிறார்கள்.

போகுமுன்னும் வந்தபின்னும்

பரிசோதனைக்கென்று நாள் குறித்தால், அந்த இடத்தில் பங்கசுக் களிம்பை எவ்வளவு நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று கேட்டறியுங்கள். வழக்கமாக ஒன்று, இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். வைத்தியர் தந்த குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்று காலையில் எண்ணெய், பவுடர், மஞ்சள், பச்சிலை எதையும் பூசாமற் போங்கள். முன்பு பாவித்த ரியூப், குளிசைப் பெட்டி எல்லாவற்றையும் வெறுமையானாலும் கையோடு கொண்டுபோங்கள். பாமசியிலோ அயலாரிடமோ வாங்கியதென்றால் மறைக்காதீர்கள். அந்த வெறும் ரியூப் வைத்தியருக்கு அரைவாசிக் கதையைச் சொல்லிவிடும்.

அரசாங்க வைத்தியசாலையில் இந்தப் பரிசோதனைகளுக்குப் பணம் அறவிடுவதில்லை. உங்களுக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் இந்த வசதி இல்லாவிட்டால், தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குத் துண்டு கேளுங்கள். வடபகுதி மக்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அப்பிரிவு உண்டு. கொழும்பு பொரளையில் 1900 இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசு ஆய்வுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. கடினமான மாதிரிகளை வைத்தியசாலைகள் அங்கு அனுப்பலாம்.

பேருந்துக் காசும் ஒருநாட் கூலியும் போகுமே என்று யோசிப்பது நியாயம். நாமும் கணக்குப் பார்த்தோம். அந்த முதியவர் எமது ரியூப் முடிந்தபின் அதே ரியூப்பைக் கடையில் வாங்கிப் பூசியிருக்கிறார். அவர் அதற்குச் செலவழித்த காசில் ஓர் அந்தர் யூரியா வாங்கியிருக்கலாம்.

முடிவில் பங்கசு என்று தெரிந்தால், மருந்தை விளிம்புக்கு வெளியே இரண்டு விரலளவு தள்ளியும் பூசுங்கள். கடி நின்றவுடன் நிறுத்தாமல், வைத்தியர் சொன்ன காலம் முழுவதும் பூசுங்கள். தோல் ஆறியதாகத் தெரிந்த பின்னும் உள்ளே இழை மிஞ்சியிருக்கும். கோரையை மேலே வெட்டிவிட்டுக் கிழங்கை விட்டால் என்ன நடக்குமென்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. துவாய், சாரம், உள்ளாடை, சீப்பு ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்திருங்கள். உடுப்புகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலிற் காயவிடுங்கள். வயலால் வந்தபின் கால்விரல் இடுக்குகளைக் கழுவி நன்கு துடையுங்கள். வீட்டில் கடியுள்ள எல்லோரும் ஒன்றாகச் சிகிச்சை பெறுங்கள். சிரங்கென்றால் கடி இல்லாதவரும் உட்பட முழு வீட்டாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை

பலர் வைத்தியரிடம் போகாததற்குக் காரணம் தூரமோ காசோ அல்ல. வெட்கமே. தொடையிடுக்கைக் காட்ட ஆண்களுக்கு வெட்கம். மார்பின் கீழிருக்கும் படையைக் காட்டப் பெண்களுக்கு வெட்கம். 'தேமல் உள்ள பெட்டை' என்று பெயர் வந்தால் கலியாணம் குழம்பிவிடுமோ என்று தாய்மாருக்குப் பயம். பெண்கள் தேவையானால் பெண் வைத்தியரையோ, உடன் நிற்க ஒரு தாதியையோ கேட்கலாம். அதில் தவறில்லை.

திருவிவிலியத்தில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தை வாசித்தால் ஒரு புதுமையைக் காணலாம். தோலிற் படை கண்டவரைக் குருவிடம் கொண்டுவர வேண்டும். குரு அதை உற்றுப் பார்க்க வேண்டும். தெளிவில்லையென்றால் ஏழு நாள் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். படை பரவியதா, நிறம் மாறியதா, முடி மாறியதா என்று கவனித்த பின்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும். தலையிலும் தாடியிலும் வரும் சொறியைப் பற்றியும் அங்கு தனியாகச் சொல்லப்படுகிறது. நுணுக்குக்காட்டி இல்லாத அந்தக் காலத்திலும், பாராமல் தீர்ப்புச் சொல்லாதே என்ற ஒழுங்கு இருந்தது. அந்த மரபில் வந்த குருவாகிய நாம் பாராமலே ரியூப் கொடுத்தோம்.

அந்த ஒழுங்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தீட்டென்று தீர்ப்புப் பெற்றவர் பாளையத்துக்கு வெளியே தனித்திருக்க வேண்டியிருந்தது. எமது நாட்டிலும் தொழுநோயாளர் ஒருகாலத்தில் ஹெந்தளைக்கும் மட்டக்களப்பு மாந்தீவுக்கும் அனுப்பி ஒதுக்கப்பட்டார்கள். இன்று அதற்குத் தேவையில்லை. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையை 6 அல்லது 12 மாதம் வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் பெறலாம். மருந்து தொடங்கிச் சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குத் தொற்றும் நிலை நீங்கிவிடுகிறது. எம் ஆண்டவர் ஒதுக்கப்பட்டவரைக் கைநீட்டித் தொட்டார். நாம் ஒதுக்காதிருந்தால்தான் மறைத்து வைத்திருப்பவர்கள் வெளியே வருவார்கள்.

வீட்டையும் வயலையும் விட்டு வந்தவர்களுக்கு மிஞ்சியிருப்பது இந்த உடலும் அதன் உழைப்பும்தான். திரும்பிப்போய் மண்வெட்டி பிடிக்க வேண்டிய கை அது. அந்தத் தாயார் இப்போது சொந்தக் காணியில் மிளகாய்க் கன்று நடுகிறார். வலக்கையால் நடுகிறார். இடக்கைச் சின்னவிரலில் முள்ளுக் குத்தினாலும் தெரியாது என்பதால், நாள்தோறும் மாலையில் அந்தக் கையைக் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். எம்மில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒருமுறையாவது எமது பிள்ளைகளின் தோலை அப்படிப் பார்ப்போமாக.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பகுதியில் கடிக்கும் தேமலுக்கும் மக்கள் முதலில் யாரிடம் போகிறார்கள்? என்ன பூசுகிறார்கள்?
2. எமது வீடுகளில் உள்ள ரியூப்புகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவோம். பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரெரொயிட் எவற்றில் உள்ளதென்று மருத்துவமாது ஒருவரின் உதவியுடன் பார்ப்போம்.
3. தோல் கிளினிக்குக்குப் போகவேண்டியவர்கள் ஒரே நாளில் சேர்ந்துபோக எமது சங்கம் என்ன ஒழுங்கு செய்யலாம்?
4. தோல் நோயுள்ளவர் யாரையாவது நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோமா?